கார்வெட்டின் பின்சக்கர பேரிங்கும் கிரீஸ் ஏற்றும் ஒரு குழலும்

1963 முதல் 1982 வரை வெளிவந்த ஷெவ்ரோலே கார்வெட் கார்களை வைத்திருப்பவர்களுக்கென்றே ஒரு கருவி விற்பனையில் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் அலுமினியக் குழல், அதன் தலையில் ஒரு கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் கன்னை மாட்டும் சிறு முனை), உள்ளே ஒரு ரப்பர் வளையம், ஒரு பக்க அளவில் அச்சிட்ட செய்முறைத் தாள், அவ்வளவுதான் பெட்டிக்குள் இருப்பது. பின்சக்கர பேரிங்குகளைக் கழற்றாமலே அவற்றுக்குப் புதுக் கிரீஸ் ஏற்றலாம் என்பது அதை விற்பவர் தரும் உறுதிமொழி. ஐம்பது டாலருக்குச் சற்று மேல் கொடுத்து வாங்கி, என் 1972 மாதிரிக் காரின் இரண்டு பக்கத்திலும் பயன்படுத்திப் பார்த்தேன். இடப்பக்கத்தில் அது சொன்ன வேலையைச் செய்தது. வலப்பக்கத்திலும் சொன்ன வேலையைத்தான் செய்தது என்று வாதிடலாம். ஆனால் அங்கே அந்த வேலை செய்யப்பட்டிருக்கவே கூடாது. இந்த வேறுபாட்டை விளக்குவதற்காகவே இதை எழுதுகிறேன்.

இப்படியொரு கருவி ஏன் தேவைப்பட்டது என்பது புரிய வேண்டுமானால் இந்தக் காரின் பின்பகுதி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 1963இல் ஸ்டிங் ரே என்ற புதிய கார்வெட் வந்தபோது, சோரா ஆர்கஸ்-டன்டோவ் என்ற பொறியாளரின் முயற்சியால், ஒரே முழு ஆக்சிலுக்குப் பதிலாக இரண்டு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும் பின் சஸ்பென்ஷன் கார்வெட்டுக்குக் கிடைத்தது. சக்கரத்தைச் சுழற்றும் அரைத்தண்டே அதில் மேல் இணைப்பாகவும் வேலை செய்கிறது. கீழே ஒரு மெல்லிய கம்பி, முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்ள ஒரு நீண்ட இரும்புக் கை, குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங். அந்த நீண்ட கையின் பின்முனையில் வார்ப்பிரும்புக் கூடு ஒன்று முடுக்கப்பட்டிருக்கும். அந்தக் கூட்டுக்குள்தான் நம் கதையின் நாயகர்களான இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள், அதாவது ஒரு முனை சிறுத்த உருளைகள் கொண்ட பேரிங்குகள், இருக்கின்றன.

இங்கே ஒரு சிறு விலகல். டேப்பர் ரோலர் பேரிங்குக்கு 1898இல் காப்புரிமை பெற்ற ஹென்றி டிம்கன் குதிரை வண்டி செய்பவர். அவர் தம் நிறுவனத்தைத் தொடங்கிய ஊர் செயின்ட் லூயிஸ். 1981 வரை கார்வெட்டுகள் கட்டப்பட்டதும் அதே ஊரில்தான். என் காரும் அங்கே பிறந்ததே.

முன்சக்கரத்தில் பேரிங் பராமரிப்பு என்பது அரைநாள் வேலைகூட அல்ல. மூடியைத் தட்டி எடுத்து, காட்டர் பின்னை உருவி, நட்டைக் கழற்றினால் பேரிங் கைக்கு வந்துவிடும். கழுவி, உள்ளங்கையில் கிரீஸை வைத்து அழுத்தி நிரப்பி, திரும்ப மாட்டலாம். பின்சக்கரத்தில் அப்படியில்லை. சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிண்டில், இரண்டு பேரிங்குகளின் உள்வளையங்களுக்குள்ளும் பிரெஸ் வைத்து இறுக்கமாகச் செலுத்தப்பட்டிருக்கிறது. இரண்டு உள்வளையங்களுக்கும் நடுவில் ஒரு குழாய்த்துண்டும், பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த தடிமனுள்ள ஒரு ஷிம்மும் (மெல்லிய உலோக வளையம்) இருக்கும். பேரிங்கில் எவ்வளவு ஆட்டம் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்த ஷிம்தான். நட்டை எவ்வளவு முடுக்கினாலும் அந்த அளவு மாறாது. ஆலைக் கையேடு அனுமதிக்கும் ஆட்டம் 0.001 முதல் 0.008 அங்குலம் வரை, அதாவது ஏறத்தாழ 0.025 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை. பட்டறைப் பேச்சில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை ‘தவ்’ என்பார்கள். நானும் இனி அப்படியே எழுதுகிறேன். பேரிங்கைக் கழற்ற வேண்டுமானால் ஸ்பிண்டிலை உருவ ஒரு தனிக் கருவி வேண்டும், பிரெஸ் வேண்டும், நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வேண்டும், பல தடிமன்களில் ஷிம்கள் வேண்டும். கிரீஸ் ஏற்றுவதற்கான நிப்பிளை ஆலை இந்தக் கூட்டில் வைக்கவே இல்லை.

விளைவு என்னவென்று ஊகிப்பது எளிது. முன்சக்கரத்துக்குக் கிரீஸ் மாற்றிவிட்டு, பின்சக்கரத்தைக் கண்ணாலும் பாராமல் காரை வெளியே விடுவது பல பணிமனைகளின் வழக்கமாகிப் போனது. ஆலையில் வைத்த கிரீஸோடு ஐம்பது ஆண்டு கடந்த கார்கள் இன்னும் சாலையில் இருக்கின்றன. கிரீஸ் என்பது சோப்புப் பிடிப்புக்குள் எண்ணெயைத் தேக்கி வைத்த பொருள். காலம் செல்லச் செல்ல எண்ணெய் கசிந்து போய்ச் சோப்பு மட்டும் எஞ்சும். எஞ்சியது மெழுகுபோல் இறுகிவிடும், எதையும் வழவழப்பாக்காது. உலர்ந்த பேரிங் சூடேறி இறுகினால் உள்வளையம் ஸ்பிண்டிலின் மேலேயே சுற்றத் தொடங்கி அதைத் தின்றுவிடும். அதற்குப் பிறகு நடப்பவற்றில் சக்கரம் காரைவிட்டுப் போவதும் ஒன்று.

இந்தக் கருவி நுழைவது இந்த இடைவெளியில்தான். வேலை முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காரைச் சட்டத்தில் ஸ்டாண்டு வைத்து உயர்த்தி, நீண்ட கையின் அடியில் ஜாக்கியைத் தாங்கலாக வைத்துக்கொண்டு, அரைத்தண்டின் உள்முனையை டிஃபரன்ஷியல் பக்கத்திலும் வெளிமுனையை நான்கு போல்ட்டுகளைக் கழற்றிச் சக்கரப் பக்கத்திலும் விடுவிக்க வேண்டும். அந்தப் போல்ட்டுகளின் பூட்டுத் தகடுகள் பெரும்பாலும் துருவேறியிருக்கும்; அவற்றை மடக்கி விடுவிக்கவே ஒரு பக்கத்துக்கு அரைமணி போயிற்று. அரைத்தண்டை வெளியே எடுத்தால் ஸ்பிண்டிலின் உள்முனை தெரியும். காட்டர் பின்னையும் நட்டையும் வாஷரையும் எடுத்துவிட்டு, ஸ்பிண்டிலின் பற்களில் அமர்ந்து அரைத்தண்டை அதனோடு இணைக்கும் ஃபிளாஞ்சை இழுத்து எடுக்க வேண்டும். அது வர மறுத்தால் புல்லர் வைத்து இழுக்கலாம். ஸ்பிண்டிலின் முனையில் சுத்தியலால் அடிக்கவே கூடாது. மரை நசுங்குவது ஒருபுறம் இருக்க, அந்த அடி நேரே பேரிங்கின் வளையத்தில் இறங்கிப் பள்ளம் விழச் செய்யும். ஃபிளாஞ்சு இருந்த இடத்தில் இந்தக் குழலைச் செருகி, அதே நட்டால் பிடித்து, நிப்பிளில் கிரீஸ் கன்னை மாட்டி அழுத்தினால், குழலின் உள்முனையில் வெட்டியிருக்கும் பள்ளங்கள் வழியாகக் கிரீஸ் முதலில் உள்பக்க பேரிங்குக்குள்ளும், அதைக் கடந்து நடுக்கூட்டுக்குள்ளும், அங்கிருந்து வெளிப்பக்க பேரிங்குக்கும் போய்ச்சேர வேண்டும். கழற்றாமல் செய்யும் வேலை என்ற சொல்லில் எவ்வளவு கழற்றல் அடங்கியிருக்கிறது என்பதை வாங்குபவர் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. இரண்டு பக்கத்தையும் முடிக்க எனக்கு ஒரு சனிக்கிழமை முழுவதும் பிடித்தது.

கருவியின் செய்நேர்த்தியில் எனக்குக் குறையில்லை. கடைசல் சுத்தமாக இருக்கிறது. விளிம்புகள் சரித்து வழவழப்பாக்கப்பட்டிருப்பதால் கிரீஸை உள்ளே தடுத்து வைக்கும் உள்பக்க சீலின் உதட்டைக் கிழிக்காமல் நுழைகிறது. ரப்பர் வளையம் ஸ்பிண்டிலின் மீது நன்றாகப் படிந்து, கிரீஸ் பின்னால் கசியவிடாமல் பிடித்தது. அந்த வளையத்துக்கு மாற்று ஒன்றையும் பெட்டியில் வைத்திருக்கலாம். இரண்டாம் பக்கத்தில் மாட்டும்போது அது மரையில் உரசி ஒரு கீறல் வாங்கிவிட்டது. குழலை நட்டால் இறுக்கிப் பிடிப்பதால் சக்கரத்தைச் சுழற்றினால் அதுவும் கூடவே சுழலும், கன்னின் குழாய் முறுக்கிக்கொள்ளும். ஆகவே இரண்டு அழுத்து அழுத்தி, கன்னை விடுவித்து, சக்கரத்தைச் சில சுற்றுகள் சுழற்றி, மறுபடி மாட்டி அழுத்த வேண்டியிருக்கிறது. சுழற்றும் வேலையை என் மகள் ஏற்றுக்கொண்டாள். தனியாளாகச் செய்பவருக்கு இது பொறுமையைச் சோதிக்கும்.

குறை முழுவதும் அந்த ஒரு பக்கத் தாளில் இருக்கிறது. ‘கிரீஸ் மறுமுனையில் தெரியும்வரை அழுத்தவும்’ என்கிறது அது. மறுமுனை என்பது வெளிப்பக்க சீல். அது ஸ்பிண்டிலின் தட்டுக்கும் பிரேக் டிஸ்க்குக்கும் பின்னால் ஒளிந்திருக்கிறது. அங்கே கிரீஸ் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் சீல் ஏற்கெனவே வழிவிட்டுவிட்டது என்றே பொருள். வழிந்த கிரீஸ் போய்ச்சேரும் இடம், டிஸ்க்கின் குழிவுக்குள் இருக்கும் ஹேண்ட் பிரேக்கின் ஷூக்கள். கையால் இயக்கும் கிரீஸ் கன் ஒன்று சதுர அங்குலத்துக்குப் பல ஆயிரம் பவுண்டு அழுத்தத்தை எழுப்பக்கூடியது. நிப்பிள் வைத்த முன்பக்க பால் ஜாயின்ட்டுகளுக்கு அந்த அழுத்தம் ஒத்துவரும். மெல்லிய உதடுள்ள ஒரு சீல் அதில் மிகச் சிறிய பங்கைக்கூடத் தாங்காது. எனவே இந்த வேலையில் எப்போது நிறுத்துவது என்பதுதான் முதன்மையான கேள்வி. அதற்குத் தாளில் ஒரே விடைதான் இருக்கிறது, அதுவும் தவறானது.

நான் கையாண்ட வழி இது. சமையலறைத் தராசைக் கடன் வாங்கி, என் கன்னை ஒரு தாளின் மீது பத்து முறை அழுத்தி எடை பார்த்தேன்; ஓர் அழுத்துக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் வந்தது. இடப்பக்கக் கூட்டை ஆறு ஆண்டுகளுக்கு முன் நானே திறந்து, பேரிங்குகளைக் கையால் நிரப்பி, நடுக்கூட்டில் மூன்றில் ஒரு பங்களவு கிரீஸ் வைத்திருந்ததால், உள்ளே எவ்வளவு வெற்றிடம் இருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். அதை முழுவதும் நிரப்பிவிடவும் கூடாது. இடமே இல்லாமல் அடைத்த கிரீஸை உருளைகள் ஓயாமல் கடைந்துகொண்டிருக்கும், கடைந்தால் சூடேறும், சூடேறிய கிரீஸ் விரிந்து சீலைத் தள்ளும். அந்தக் கணக்கின்படி ஓர் எண்ணிக்கையை முன்பே முடிவு செய்துகொண்டு, அதில் பாதியிலும் முழுமையிலும் நிறுத்தி, கன்னின் கைப்பிடி கனக்கிறதா என்று கவனித்தேன். கைப்பிடி கனக்கத் தொடங்கும் கணத்தில் நிறுத்திவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உள்ளே எவ்வளவு இருக்கிறதென்று தெரியாதவர் இந்தக் கணக்கைப் போடவே முடியாது என்பது உங்களுக்கு இப்போதே உறைத்திருக்கும். எனக்கு அது வலப்பக்கத்தை முடித்த பிறகுதான் உறைத்தது.

கிரீஸ் எது என்பதிலும் கவனம் வேண்டும். டிஸ்க் பிரேக் உள்ள சக்கரங்களுக்கு ஏற்ற, என்.எல்.ஜி.ஐ. 2 என்ற கெட்டித்தன்மையுள்ள லித்தியம் காம்ப்ளக்ஸ் வகை பொதுவாகப் போதுமானது. டப்பாவின் மேல் ஜி.சி.-எல்.பி. என்ற குறி இருந்தால், அது சக்கர பேரிங்குக்கும் சேஸிக்கும் உரிய சோதனைகளைத் தேறியது என்று கொள்ளலாம். சோப்பின் வகை மாறினால் கிரீஸ்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் போகக்கூடும். களிமண் அல்லது பாலியூரியா கலந்த வகைகளை லித்தியத்தோடு சேர்த்தால், சேர்க்கை இளகி நீர்த்துச் சீலைத் தாண்டி ஒழுகுவதுண்டு. சில சமயம் கட்டிப்படுவதும் உண்டு. முழுவதும் கழுவித் துடைத்து நிரப்பும்போது இந்தக் கவலையே எழாது. பழையதன் மேல் புதியதை ஏற்றும் இந்தக் கருவியில், பழையது எதுவென்று தெரியாவிட்டால், என்ன கலவை உருவாகிறது என்பதும் தெரியாது. இடப்பக்கத்தில் என்ன டப்பா பயன்படுத்தினேன் என்பதை 6 ஆண்டுகளுக்கு முன்பே குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். அதே வகையை வாங்கி ஏற்றினேன்.

இடப்பக்கத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கருவியைப் பொருத்தும் முன், டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் காலிப்பரைக் கழற்றி ஓரமாகக் கட்டிவிட்டு, காந்த அடித்தட்டில் நிறுத்திய டயல் கேஜின் முனையை டிஸ்க்கின் முகத்தில் வைத்து, டிஸ்க்கை உள்ளும் வெளியும் இழுத்துப் பார்த்தேன். இரண்டு தவ் ஆட்டம். ஆறு ஆண்டுக்கு முன் எழுதிய எண்ணும் அதுவே. கிரீஸ் ஏற்றி, ஃபிளாஞ்சை மாட்டி, நட்டை 100 பவுண்டு-அடிக்கு முடுக்கி, காட்டர் பின்னின் துளை நேராகும்வரை இன்னும் சற்று முன்னே திருப்பி, புதுப் பின் போட்டு மறுபடி அளந்தபோதும் இரண்டு தவ்தான். துளை நேராவதற்காக நட்டைப் பின்னோக்கித் தளர்த்துவது இங்கே பெரிய பிழை என்பதால் அதையும் குறித்துவிடுகிறேன். சக்கரம் கையால் சுழற்றும்போது முன்பிருந்ததைவிடச் சற்றே கனமாக, ஓசையற்றுச் சுழன்றது. புதுக் கிரீஸ் உள்ளே போயிருக்கிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த சான்று அவ்வளவே.

வலப்பக்கத்தின் வரலாறு வேறு. எட்டு ஆண்டுகளுக்கு முன் இந்தக் காரை எனக்கு விற்றவர், அந்தப் பக்கத்து பேரிங் புதிதாகப் போட்டதுதான் என்று வாயால் சொன்னார். சீட்டு எதுவும் இல்லை. நம்பாமல் இருக்க ஒரு காரணம் கண்ணெதிரே இருந்தது. 1965இல் டிஸ்க் பிரேக் வந்ததிலிருந்து ஆலையில் பின்பக்க டிஸ்க்கை ஸ்பிண்டிலோடு ஐந்து ரிவெட்டுகளால் அடித்துவிடுவார்கள். என் வலப்பக்கத்தில் அந்த ஐந்தும் தொட்ட தடமின்றி அப்படியே இருந்தன. ரிவெட்டோடு ஸ்பிண்டிலை வெளியே எடுக்கவே முடியாது என்றில்லை. ஆனால் பொறுப்பாக பேரிங் மாற்றுபவர்கள் பொதுவாக அவற்றைத் துளையிட்டு நீக்கி, டிஸ்க்கையும் ஹேண்ட் பிரேக்கையும் ஒருங்கே பார்த்துவிடுவார்கள். அந்த ஐயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, மாலையாகிவிட்டது, கருவி கையில் இருக்கிறது என்ற அவசரத்தில், காலிப்பரைக் கழற்றவும் சோம்பல்பட்டு, ஆட்டத்தை அளக்காமலே கிரீஸை ஏற்றினேன். தாளில் அளக்கச் சொல்லி ஒரு வரி இருந்திருந்தால் அளந்திருப்பேனா என்று கேட்டால், ஒருவேளை அளந்திருப்பேன். பிழை என்னுடையது, அந்த ஒரு வரி இல்லாதது அவர்களுடையது.

அடுத்த மாதம் ஒஹாயோவிலிருந்து கென்டக்கியின் பௌலிங் கிரீனில் இருக்கும் தேசிய கார்வெட் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தேன். டன்டோவின் அஸ்தி அங்கேதான் வைக்கப்பட்டிருக்கிறது. 2014 பிப்ரவரியில் தரை உள்வாங்கி எட்டுக் கார்களை விழுங்கியதும் அந்தக் கட்டடத்தில்தான். திரும்பி வரும் வழியில் பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. இரண்டாம் முறை மிதித்தால் மேலே வந்தது. இந்தக் கார்களின் பிரேக்கை அறிந்தவர்களுக்கு இந்த அறிகுறி பழக்கமானது. காலிப்பருக்கு நான்கு பிஸ்டன்கள். அவற்றின் சீல்கள் உதடுள்ள வகை. டிஸ்க் பக்கவாட்டில் ஆடினால் பிஸ்டன்கள் உள்ளும் வெளியும் தள்ளாடி, அந்த உதடுகளின் வழியே காற்றை உறிஞ்சிக்கொள்ளும். வெளியே ஒரு சொட்டுத் திரவமும் ஒழுகாது, ஆனால் பெடல் மென்மையாகிக்கொண்டே போகும். பலர் இதைப் பிரேக்கின் நோய் என்று எண்ணிக் காலிப்பர்களை மாற்றுவார்கள். பேரிங்கிலோ டிஸ்க்கின் ஓட்டத்திலோ (சுழலும்போது அது பக்கவாட்டில் விலகும் அளவு) கோளாறு இருந்தால் புதுக் காலிப்பரும் சில மாதங்களில் அதே நிலைக்கு வரும்.

வீட்டுக்கு வந்ததும் டயல் கேஜை வைத்தேன். வலப்பக்கத்தில் பன்னிரண்டு தவ். அனுமதிக்கப்பட்ட உச்சத்தின் ஒன்றரை மடங்கு.

ஸ்பிண்டிலை வெளியே எடுத்தபோது கண்டவை இந்த மதிப்புரைக்கு நேரடியாகத் தொடர்புடையவை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நான் ஏற்றிய கிரீஸ் புதுமை மாறாமல் உள்பக்க பேரிங்கில் இருந்தது. ஆனால் உருளைகளுக்கிடையே சீராகப் பரவாமல், எளிதாக வழிகிடைத்த ஒரு பக்கமாகவே கடந்து போய், நடுக்கூட்டின் அடிப்பாதியில் குவிந்து கிடந்தது. மேற்பாதியில் பழைய கிரீஸ், சந்தனக்கல்லின் ஓரத்தில் காய்ந்து கிடக்கும் பழஞ்சந்தனம்போல், பொருக்காக ஒட்டியிருந்தது. விரல் நகத்தால் சுரண்டத்தான் வந்தது. வெளிப்பக்க பேரிங்குக்குப் புதுக் கிரீஸ் கிட்டத்தட்டப் போய்ச்சேரவே இல்லை. சக்கரத்தின் பாரத்தில் பெரும்பங்கைச் சுமப்பது அந்த பேரிங்தான். அதன் வெளிவளையத்தில் ஓரிடத்தில் தோல் உரிந்ததுபோல் உலோகம் பெயர்ந்திருந்தது. உருளைகள் சில, சூடு கண்டு நீலம் பாரித்திருந்தன. ஸ்பிண்டில் நல்ல வேளையாகத் தப்பியிருந்தது. இந்தச் சேதம் ஒரு மாதத்தில் வந்ததல்ல, கருவியால் வந்ததும் அல்ல. பல ஆண்டுகளாக உள்ளே நடந்துகொண்டிருந்தது. ஆனால் கிரீஸ் ஏற்றியபின் சக்கரம் ஓசையின்றிச் சுழன்றதால், அந்தப் பக்கமும் நன்றாக இருக்கிறது என்று நம்பி நெடுஞ்சாலையில் அறுநூறு மைல் போய்வந்தேன். பேரிங்கின் முனகலைக் கேட்க விடாமல் கெட்டியான புதுக் கிரீஸ் மூடிவிட்டது.

கிரீஸ் ஏன் இப்படி ஒருபக்கமாகப் போனது என்பதற்குக் காய்ந்த பொருக்கு முதற்காரணம். இன்னொன்றும் உண்டு. டேப்பர் பேரிங் சுழலும்போது உருளைகளின் சிறிய முனையிலிருந்து பெரிய முனைக்கு எண்ணெயைத் தள்ளும் இயல்புடையது. இந்தக் கூட்டில் இரண்டு பேரிங்குகளின் சிறிய முனைகளும் நடுவை நோக்கி இருக்கின்றன. ஆகவே நடுவில் இருக்கும் கிரீஸ் இருபுறமும் வெளிநோக்கி நகர விரும்பும். குழலின் வழியே நாம் தள்ளும் கிரீஸோ உள்பக்க பேரிங்கின் பெரிய முனையில் புகுந்து, அதன் இயல்புக்கு எதிர்த்திசையில் நடுவுக்குப் போக வேண்டும். கையால் மெதுவாகச் சுழற்றும்போது இந்த எதிர்ப்பு அதிகமில்லை, அழுத்தத்தால் அதைத் தாண்டிவிடலாம். எனினும் பழைய கிரீஸ் மென்மையாக, நகரக்கூடிய நிலையில் இருந்தால் மட்டுமே அது நடக்கும். கருவி எங்கே உதவும், எங்கே உதவாது என்பதற்கு இதைவிடத் தெளிவான கோடு எனக்குத் தெரியவில்லை. இந்தக் குழல் நல்ல கிரீஸோடு நல்ல கிரீஸைச் சேர்க்கும், காய்ந்ததை வெளியேற்றாது.

கூட்டின் வார்ப்பிரும்பில் துளையிட்டு நிரந்தரமாக ஒரு நிப்பிளை வைத்துக்கொள்வது வேறு சிலர் சொல்லும் வழி. அரைத்தண்டைக் கழற்ற வேண்டியதில்லை, கிரீஸ் நேராக நடுக்கூட்டில் இறங்கும், அங்கிருந்து இயல்பான திசையிலேயே இருபுறமும் நகரும் என்பதால் கருத்தளவில் இது குழலைவிடச் சிறந்தது. ஆனால் கூட்டை முழுவதும் பிரித்துவைத்திருக்கும்போது மட்டுமே அதைச் செய்ய வேண்டும். பேரிங் உள்ளே இருக்கும்போது துளையிட்டு, இரும்புத் தூளைக் கிரீஸில் ஊறவைத்துச் சக்கரத்தைச் சுழற்றுவது, பராமரிப்பு என்ற பெயரில் செய்யும் கொலை. அதோடு, கண்ணுக்குத் தெரிகிற நிப்பிள் ஒன்று இருந்தால், அடுத்து அந்தக் காரைத் தொடுகிற யாரோ ஒருவர் அது பொங்கும்வரை அழுத்தத்தான் போகிறார்.

வலப்பக்கத்தை நான் பழைய முறையிலேயே சரிசெய்தேன். புது பேரிங்குகள், புது சீல்கள். ரிவெட்டுகளைத் துளையிட்டு நீக்கினேன். இதற்கு உதவிய கருவி டம்மி ஸ்பிண்டில். பேரிங் தட்டுத் தடங்கலின்றி நழுவிச் செல்லும்படி சற்றே சன்னமாகக் கடைந்த போலி ஸ்பிண்டில் அது. அதில் பேரிங்குகளையும் ஏதேனும் ஒரு தடித்த ஷிம்மையும் பொருத்தி முடுக்கி, ஆட்டத்தை அளந்து, மிகுதியாக உள்ள ஆட்டத்தின் அளவுக்கு மெல்லிய ஷிம்மைத் தேர்ந்துகொள்ளலாம். பிரெஸ் வைப்பது கடைசியில் ஒரே ஒரு முறைதான். எனக்கு முதலில் பத்துத் தவ் வந்தது; ஏழு தவ் மெல்லியதைப் போட்டேன். இறுக்கமாகச் செலுத்தும்போது உள்வளையம் சிறிது விரிவதால் ஆட்டம் இன்னும் குறையும் என்பதைக் கணக்கில் வைத்திருந்தேன். முடிவில் இரண்டு தவ்வில் நின்றது. டிஸ்க்கைத் திரும்ப மாட்டியபின் அதன் பக்கவாட்டு ஓட்டத்தையும் அளந்து, ஐந்து தவ்வுக்குள் வரும்வரை திருப்பித் திருப்பிப் பொருத்தினேன். ஆலையில் டிஸ்க்கை ஸ்பிண்டிலோடு சேர்த்தே கடைந்திருப்பார்கள், இடம் மாறினால் அந்த ஒழுங்கு போய்விடும். குழலுக்குக் கொடுத்த பணத்தை முதலில் டம்மி ஸ்பிண்டிலுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று அன்று தோன்றியது. பிரெஸ்ஸும் நேரமும் இல்லாதவர்கள் நீண்ட கையை அப்படியே கழற்றி, இதையே தொழிலாகக் கொண்ட பட்டறைக்கு அனுப்பலாம். அனுப்பினால் ஆட்டம் எத்தனை தவ் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆகவே, வாங்கலாமா? உங்கள் பின்சக்கரக் கூட்டை நீங்களோ நம்பகமான ஒருவரோ திறந்து, என்ன கிரீஸ், எத்தனை தவ் என்று எழுதி வைத்திருந்தால், தாராளமாக வாங்கலாம். நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை, அளந்த எண்ணிக்கையில் கிரீஸ் ஏற்றிக்கொண்டே போனால் அந்தக் கூட்டை மறுபடி திறக்கும் நாளைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட முடியும். அரைத்தண்டின் யூ-ஜாயின்ட்டை மாற்றுவதற்காக எப்படியும் அதைக் கழற்றப்போகிறீர்கள் என்றால் கூடுதல் உழைப்பும் அதிகமில்லை. கூட்டின் வரலாறு தெரியாதென்றால், புதிதாக வாங்கிய காரென்றால், ஐந்து ரிவெட்டுகளும் அப்படியே இருந்தால், வாங்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஒரு டயல் கேஜும் காந்த அடித்தட்டும் வாங்குங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப்பார்ப்பது இதற்கு ஈடாகாது. டிஃபரன்ஷியலின் பக்கத்தண்டுகள் தேய்ந்திருந்தாலும் இந்தக் காரில் சக்கரம் அதேபோல் ஆடும், எது எங்கிருந்து வருகிறதென்று கை சொல்லாது. 1984 மாதிரியிலிருந்து வந்த கார்வெட்டுகளில் மூடிய ஹப் முழுதாக வருவதால், அவற்றை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை.

விற்பவருக்குத் தாளைப் பற்றி ஒரு கடிதம் எழுதினேன். ‘மறுமுனையில் தெரியும்வரை’ என்ற வரியை நீக்கும்படியும், ஆட்டத்தை முதலில் அளக்கும்படி ஒரு வரி சேர்க்கும்படியும் கேட்டிருந்தேன். மாற்று ரப்பர் வளையங்கள் இரண்டை இலவசமாக அனுப்பியிருக்கிறார்கள்; கூடவே வந்த தாளில் அந்தப் பழைய வரி அப்படியே இருக்கிறது.